சிவப்புக் கோடும் எங்க அண்ணியும்

எங்க அண்ணிக்கு வாய் நீளம்னு படகுத்துறையில எல்லாரும் சொல்லுவாங்க. சொல்லட்டுமே! அணையில ஆறு கிலோமீட்டர் தண்ணிக்குள்ள எஞ்சின் நின்னு போச்சுன்னா, அவங்க கைதான் உங்களைக் கரை சேர்க்கும். வாயை அளந்துக்கிட்டு உக்காந்திருக்க அப்போ யாருக்கு நேரம்?

அண்ணின்னா எங்க அண்ணன் பொண்டாட்டி. நாலாம் நம்பர் படகு அவங்களோடது, அதாவது ஓட்டறது அவங்க, சொந்தம் முதலாளிக்கு. லீவு நாளானா ஆபீஸ்காரங்க தூண்டிலும் தொப்பியுமா வந்து இறங்குவாங்க. அவங்களை ஏத்திக்கிட்டு மஞ்சள் மிதவை வரைக்கும் போய், மீன் பிடிக்க விட்டு, திரும்பக் கொண்டு வந்து சேர்க்கணும். மொத்தம் ஆறு படகு, ஒவ்வொண்ணுக்கும் வால்பக்கம் ஒரு அவுட்போர்ட் எஞ்சின். ஓட்டறவங்கள்ல அண்ணி ஒருத்தங்கதான் பொம்பளை. மூணாம் நம்பர் ஓட்டறது எங்க வீட்டுக்காரர். நான் கரையில தகரக் கொட்டகைக்குள்ள நின்னு படகுகளுக்குப் பெட்ரோல் ஊத்தறவ.

அண்ணி பதினாறு வயசுல எஞ்சின் ஒர்க்‌ஷாப்ல பார்ட்ஸ் கழுவற வேலைக்குப் போனவங்க. கழுவக் கொடுத்ததைக் கழுவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம்ல? போக மாட்டாங்க. எது எங்கேருந்து வந்ததுன்னு கேட்டுக் கேட்டு மேஸ்திரி உயிரை வாங்கியிருக்காங்க. படகு ஓட்ட லைசென்ஸ் எழுதப் போனப்ப அங்க இருந்த ஆபீசர் மூணு தடவை ஃபெயில் பண்ணார். நாலாவது தடவை அதே ஆபீசர் முன்னாடி போய் நின்னு, "சார், இன்னும் எத்தனை தடவைன்னு இப்பவே சொல்லிட்டீங்கன்னா அதுக்கேத்த மாதிரி லீவு போட்டுக்குவேன்"னாங்க. அன்னிக்கே கொடுத்துட்டார்.

பெட்ரோல் விஷயத்துல அவங்களை மாதிரி கறாரான ஆளை நான் பாத்ததில்லை. படகுல கால் வச்ச உடனே, "சார், அந்த ஐஸ் பெட்டியை முன்னாடி தள்ளுங்க. நீங்களும் கொஞ்சம் முன்னாடி போங்க. வால்பக்கமே எல்லாரும் குந்தினா எஞ்சின் என்ன பாவம் பண்ணுச்சு?"ன்னு ஆரம்பிச்சுடுவாங்க. வாரம் தவறாம படகைக் கவுத்துப் போட்டு அடியில பிடிச்ச பாசியைச் சுரண்டுவாங்க. சமையல் ரூம்ல கரண்டி போடற டம்ளர்ல கரண்டியோட ஸ்பார்க் பிளக்கும் நிக்கும். எங்க அண்ணன் தையல்காரர், தண்ணியில ஆடற எதுல ஏறினாலும் வாந்தி எடுக்கறவர். அவர் ஒருநாள் பிளக்கால சாம்பாரைக் கலக்கப் போய், அன்னிக்கு ரெண்டு பேருக்கும் நடந்த சண்டை மூணு வீட்டுக்குக் கேட்டுச்சு. ஒரு சொட்டு பெட்ரோல் வீணாக விடமாட்டாங்கன்னு வாடிக்கைக்காரங்க அவங்களுக்கு வச்ச பேரு சொட்டு அக்கா.

இந்த மனுஷிக்கு ஒரு சோதனை வந்துச்சு. முதலாளி முன்னாடி இருபது வருஷம் ரோட்டுல வேன் ஓட்டினவர். ரோட்டுல நடுவாந்தர வேகத்துல போனா பெட்ரோல் மிச்சம், அது அவர் ரத்தத்துல ஊறினது. ஒருநாள் காலையில பொண்ணோட நகப்பாலிஷை எடுத்துட்டு வந்து, ஆறு படகுலயும் வேகம் கூட்ட முறுக்கற த்ராட்டில்ல சரி பாதியில சிவப்பா ஒரு கோடு போட்டார். "இதைத் தாண்டி யாரும் முறுக்கக் கூடாது. பெட்ரோல் என்ன ஆகாசத்துலேருந்தா கொட்டுது?"

அண்ணி அங்கேயே சொன்னாங்க. "முதலாளி, தண்ணி ரோடு கிடையாது. மெதுவா, நடக்கற மாதிரி போனா பெட்ரோல் மிச்சம். இல்லையா, நல்லா முறுக்கி படகைத் தண்ணி மேல ஏத்திவிட்டு, அப்புறம் கொஞ்சம் குறைச்சுக்கிட்டா மிச்சம். ரெண்டுக்கும் நடுவுல நின்னா படகு மூக்கைத் தூக்கிக்கிட்டு, தானே கிளப்பின அலையில தானே ஏற முடியாம முக்கும். மேட்டுல பாதியில நிக்கிற வண்டியைத் தள்ளற மாதிரி. அதுலதான் குடிக்கும்."

"நீ எனக்குப் பாடம் எடுக்காதே. சொன்னதைச் செய்."

"சரி. சொன்னதைச் செய்யறேன்"னாங்க. அவங்க அந்தக் குரல்ல 'சரி' சொன்னா விஷயம் அதோட முடியாது.

அன்னிலேருந்து நூல் பிடிச்ச மாதிரி கோட்டுலயே நின்னாங்க. ஒரு மயிரிழை தாண்டல. மத்த அஞ்சு பேர்? கண்ணுக்கு எட்டற தூரம் வரைக்கும் நல்ல பிள்ளைங்க. அணை வளைவு தாண்டின உடனே முறுக்கிடுவாங்க. எனக்கு எப்படித் தெரியும்னா, கொட்டகையில உக்காந்தா எஞ்சின் சத்தம் மாறறது காதுல விழும். எங்க வீட்டுக்காரர் வீட்டுலயே சொல்லிச் சிரிச்சார். "அந்தக் கோட்டுல போனா மீன் தூங்கிடும்டி."

விளைவு என்ன? கோட்டைத் தாண்டின அஞ்சு படகும் எப்பவும் போலக் குடிச்சுது. கோட்டை மதிச்ச ஒரே படகு ஒன்றரை மடங்கு குடிச்சுது. மாசம் முடிஞ்சதும் முதலாளி துறை நடுவுல நின்னு, வாடிக்கைக்காரங்க, ஓட்டறவங்க எல்லார் முன்னாடியும் கத்தினார். "அஞ்சு படகுக்கு ஒரு கணக்கு, உன் படகுக்கு மட்டும் ஒரு கணக்கா? பெட்ரோலை உறிஞ்சி யாருக்கு வித்தே? திருட்டுக் கை!" நாலாம் நம்பர் சாவியைப் பிடுங்கிக்கிட்டார்.

அண்ணி அழல. "நான் திருடல. நீங்க என் படகுல ஏறுங்க, காட்டறேன்"னாங்க. அவர் திரும்பிப் போயிட்டார். நான் அஞ்சடி தூரத்துல கேனைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னா எங்க வீட்டுக்காரர் வேலை போயிடும். வாயை மூடிக்கிட்டேன். அன்னிக்கு ராத்திரி சோறு இறங்கல, அதனால யாருக்கு என்ன லாபம்?

மறுநாள் காலையில பாத்தா அண்ணி துறையில இருக்காங்க. வழக்கமான நேரம், வழக்கமான தொப்பி. கட்டிப் போட்ட நாலாம் நம்பருக்குப் பக்கத்துல உக்காந்துக்கிட்டாங்க. முதலாளி வந்ததும் எழுந்து, "இன்னிக்கு ஏறுறீங்களா?" அவர் முகத்தைத் திருப்பிக்கிட்டார். அடுத்த நாளும் அதே கேள்வி. மழை பெஞ்ச நாள்லயும் பிளாஸ்டிக் ஷீட்டைப் போத்திக்கிட்டு அதே கேள்வி. 'போ'ன்னா போகல, கெஞ்சவும் இல்லை. சொட்டு அக்கா எங்கேன்னு தூண்டில்காரங்க கேட்டா, "இங்கதான் இருக்கேன், முதலாளி ஏறினதும் கிளம்பிடலாம்"பாங்க. பதினோராவது நாள் மனுஷனால தாங்க முடியல. "வா, உன் வித்தையைப் பாத்துடறேன்!"

மூணு மணல் மூட்டையை ஆளுக்குப் பதிலா ஏத்தினோம். அண்ணி என்கிட்ட, "டேங்கைக் கழுத்து வரைக்கும் ஊத்து. முதலாளி கண்ணு முன்னாடி ஊத்து"ன்னாங்க. முதல்ல கோட்டுலயே மஞ்சள் மிதவைக்குப் போய் வந்தாங்க. படகு வானத்தைப் பாத்துக்கிட்டே வந்துச்சு, முதலாளி வழியெல்லாம் கம்பியைப் பிடிச்சுத் தொங்கிக்கிட்டே வந்தார். திரும்பக் கழுத்து வரைக்கும் லிட்டர் குவளையால அளந்து ஊத்தினேன். பதினொண்ணு பிடிச்சுது. ரெண்டாவது தடவை அண்ணி கோட்டைத் தாண்டி முறுக்கினாங்க. மூக்கு இறங்கி, படகு வழுக்கிக்கிட்டுப் போச்சு. திரும்பி வந்ததும் ஊத்தினேன். ஏழுதான்.

"முதல் தடவை எஞ்சின் சூடாகல"ன்னார் முதலாளி.

"இப்போ சூடா இருக்கு. உக்காருங்க, மறுபடி கோட்டுல போவோம்." இறங்கவே விடல. மறுபடியும் பதினொண்ணு.

அப்பவாவது அந்த மனுஷன் ஒத்துக்கிட்டாரா? குவளையைக் குனிஞ்சு எட்டிப் பாத்தார். அப்புறம், "அப்படின்னா மத்த அஞ்சு படகும் கோட்டுலயேதானே போகுது? அதுக்கெல்லாம் எப்படி ஏழு? நீ எஞ்சின்ல ஏதோ கைவரிசை காட்டியிருக்கே!"ன்னார்.

அஞ்சு பேரும் தரையைப் பாத்தாங்க. எங்க வீட்டுக்காரர் ஒரு கயித்தை எடுத்து, கட்டின முடிச்சையே திரும்பக் கட்டினார். அண்ணிக்கு எல்லாம் தெரியும். "என் படகைப் பத்திக் கேளுங்க, சொல்றேன். அவங்க படகை அவங்ககிட்ட கேளுங்க"ன்னாங்க. அவ்வளவுதான்.

எனக்கு உடம்பெல்லாம் பத்திக்கிட்டு வந்துச்சு. குவளையைத் தரையில போட்டேன். "முதலாளி, அஞ்சு படகும் வளைவு தாண்டினா கோட்டைத் தாண்டுது. எனக்குச் சத்தம் கேக்கும். மூணாம் நம்பரும்தான். எங்க வீட்டுக்காரரும்தான். நீங்க சொன்னதைக் கேட்டது இந்தத் துறையில ஒரே ஆளு, அவங்களைத்தான் திருடின்னீங்க!"

எங்க வீட்டுக்காரர் என்னைப் பாத்த பார்வை இருக்கே! பாக்கட்டும்னு நின்னேன். முதலாளி ஒவ்வொரு மூஞ்சியா பாத்தார். ஒருத்தனும் இல்லைன்னு சொல்லல. அண்ணியோட சேத்து ஆறு பேரையும் வீட்டுக்கு அனுப்பினா அவர் படகை யார் ஓட்டறது? பையிலேருந்து சாவியை எடுத்து அண்ணிகிட்ட நீட்டினார்.

அண்ணி கையை நீட்டல. "அன்னிக்கு எல்லார் முன்னாடியும் சொன்னீங்க. எல்லாரும் இங்கதான் இருக்காங்க."

"சரிம்மா, நீ திருடல"ன்னு முணுமுணுத்தார்.

"அன்னிக்கு இதைவிடச் சத்தமா சொன்னீங்க, முதலாளி."

கொக்கு எல்லாம் எழுந்து பறக்கற அளவுக்குச் சொன்னார். "நீ திருடல! போதுமா?"

"போதும்"னு சாவியை வாங்கிக்கிட்டாங்க.

எனக்கு ஒரே பூரிப்பு. கேனைத் தூக்கிக்கிட்டு ஓடிப் போய், "அண்ணி, எப்படிக் கொடுத்தேன் பாத்தீங்களா! அந்த ஆளு மூஞ்சியைப் பாத்தீங்களா!"ன்னேன்.

அண்ணி எஞ்சின் மூடியைத் துடைச்சுக்கிட்டு இருந்தாங்க. நிமிரல.

"அவருக்குத் தெரியாது, ரோட்டுல வண்டி ஓட்டினவர்"னாங்க. "உனக்கு அன்னிக்கே தெரியும்ல?"

நான் கேனைக் கீழே வச்சேன். அவங்க அதை எடுத்துத் தானே டேங்க்ல ஊத்திக்கிட்டாங்க.