ஏரியல் மாமா ஒளிந்த ஞாயிற்றுக்கிழமை

எங்கள் மாமாவுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் கோயிலும் கிடையாது, சினிமாவும் கிடையாது. குடவாசலில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த அவரும் அவருடைய கூட்டாளியும் பரீட்சை எழுதி சொந்தமாக ஒலிபரப்பிப் பேசும் ஹாம் ரேடியோவுக்கு லைசென்ஸ் வாங்கியவர்கள். கூட்டாளி எந்நேரமும் கையில் ஆன்டெனா வயரோடு திரிவார். அதனால் வீட்டில் அவருக்கு ஏரியல் என்று பெயர். எனக்கு ஏரியல் மாமா.

அறுவடை முடிந்து, உளுந்தும் பிடுங்கியாகிவிட்டால் இருவரும் வயல்வெளியில் ஒரு விளையாட்டு ஆடுவார்கள். ஒருவர் சோப்பு டப்பா அளவில் ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டு எங்காவது போய் ஒளிந்துகொள்வார். அந்தப் பெட்டி மூன்று குட்டைப் பீப் ஒலிகளை விட்டு விட்டு அனுப்பிக்கொண்டே இருக்கும். மற்றவர் அந்த ஒலியைப் பிடித்துக்கொண்டே போய் அவரைக் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடிக்கும்வரை ஒளிந்தவர் மூச்சு விடக் கூடாது. இரண்டு பேருக்கும் முப்பது வயது தாண்டியிருந்தது.

எனக்கு அப்போது பத்து வயது. யாரோடும் அதிகம் பேசமாட்டேன். பேசாமல் கூடவே நடப்பவள் என்பதாலேயே மாமா என்னை அழைத்துப்போவார்.

அந்தப் பங்குனி மாத ஞாயிற்றுக்கிழமை ஒளிய வேண்டியது ஏரியல் மாமாவின் முறை. "இன்னிக்கி ஒங்க மாமன் அழுதுகிட்டே வீட்டுக்கு வருவான் பாரு பாப்பா" என்று சொல்லிவிட்டு அவர் சைக்கிளில் போனார். ஒரு மணி நேரம் கழித்து நாங்கள் கிளம்பினோம்.

அன்றைக்கு மாமா, பெட்டியின் ஒலியைப் பிடிக்கும் கருவியை என்னிடமே கொடுத்து, இயர்போனை என் காதில் செருகினார்.

"நெஞ்சோட அணைச்சுப் புடிச்சிக்க. அப்படியே மெதுவா சுத்து. எந்த எடத்துல சத்தம் செத்துப்போவுதோ, அங்க நில்லு. அவன் ஒன் முதுவுக்கு நேர் பின்னால இருக்கான்னு அர்த்தம். இந்த செவப்புத் திருகை மட்டும் தொட்டுடாத."

உடம்பு ஒலியை மறைக்கும் என்பது பின்னால்தான் எனக்குப் புரிந்தது. அன்றைக்குத் தெரிந்ததெல்லாம், சுற்றும்போது காதுக்குள் பீப் பீப் பீப் என்பது மெலிந்து மெலிந்து அணையும், உடனே முதுகு கூசும் என்பதுதான். திரும்பிப் பார்த்தால் யாரும் இருக்கமாட்டார்கள். வெடித்துக் கிடக்கும் வயல், கானல், தூரத்தில் அசையாமல் நிற்கும் ஒரு கொக்கு. அந்தப் பக்கம் நடப்போம். மறுபடி சுற்றுவேன். மறுபடி முதுகுக்குப் பின்னால்.

போர்செட் கொட்டகை ஒன்றில் மாமா தண்ணீர் குடிக்க நின்றார். அங்கிருந்தவர் தெரிந்தவர். அவருடைய ரேடியோவின் கரகரப்பைப் பற்றிப் பேச்சு நீண்டது. நான் வரப்பில் தனியாக நின்றேன். சும்மா இருந்த கை சிவப்புத் திருகை ஒரு மயிரிழை திருப்பியது.

ஒலி மாறிவிட்டது.

மூன்று குட்டை. பிறகு மூன்று நீளம். பிறகு மறுபடி மூன்று குட்டை. நீளமானவை இழுத்து இழுத்து, யாரோ முனகுவதுபோல் இருந்தன. திருகைப் பழைய இடத்துக்கே திருப்பினேன். மாறவில்லை. கருவியைக் கெடுத்துவிட்டேன் என்று எனக்கு வியர்த்துக்கொட்டியது.

மாமா வந்து கேட்டார். "கேக்குதா?"

"கேக்குது மாமா."

அவர் அவ்வளவுதான் கேட்டார். நானும் கேட்டதற்குத்தான் பதில் சொன்னேன்.

மாமா சிரித்துக்கொண்டே நிதானமாக நடந்தார். "காயட்டும். வெயில்ல நல்லா காயட்டும் பய." காதுக்குள் அந்த முனகல் விடாமல் வந்தது. வாய்க்கால் தாண்டும்போது நீள ஒலிகள் நடுங்கின, நடுவில் அறுந்தன. பிறகு ஒன்று வந்தது. வெகுநேரம் கழித்து இன்னொன்று. அதன்பின் ஒன்றுமில்லை.

நான் சுற்றினேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் சத்தம் இல்லை. மாமா சொன்ன கணக்குப்படி ஏரியல் மாமா எல்லாத் திசையிலும் என் முதுகுக்குப் பின்னால் இருந்தார். திரும்பிப் பார்க்கவே பயமாக இருந்தது.

"கேக்குதா?"

"கேக்குது" என்று சொல்லி, கடைசியாகச் சத்தம் வந்த பக்கம் கையைக் காட்டினேன்.

வெயில் தாழ்ந்த பிறகுதான் மாமா இயர்போனை வாங்கித் தன் காதில் வைத்தார். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

"எப்பலேர்ந்து கேக்கல?"

"இப்பதான் மாமா."

நான் காட்டிய பக்கமே ஓடினோம். ஆற்றங்கரை ஓரம், பாதி இடிந்த பழைய செங்கல் காளவாய் ஒன்று இருந்தது. அதன் வெளியே சைக்கிள் படுத்திருந்தது. உள்ளே ஒரு பக்கச் சுவர் சரிந்து ஏரியல் மாமாவின் இரண்டு கால்களும் செங்கல்லுக்கு அடியில் இருந்தன. முகம், இமை, உதடு எல்லாம் செம்மண் பூசியதுபோல் ஒரே நிறம். கண் மட்டும் திறந்திருந்தது. பெட்டியின் பட்டனைக் கட்டைவிரல் இன்னும் அழுத்திக்கொண்டிருந்தது.

"கத்திப் பாத்தேன், தொண்ட போயிடுச்சு. காப்பாத்துன்னு பட்டன அழுத்தி எஸ்.ஓ.எஸ். அடிச்சேனேடா. ஒனக்கு கேக்கலயா?"

"அப்படி ஒண்ணும் வரலடா" என்றார் மாமா.

ஏரியல் மாமா என்னைப் பார்த்தார். நான் செங்கல்லைப் பார்த்தேன்.

போர்செட்காரர் ஆள் கூட்டி வந்தார். கும்பகோணத்தில் இரண்டு மாதம் வைத்தியம். ஒரு கால் பிழைத்தது. இன்னொன்றை முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ரொம்ப நேரம் ரத்த ஓட்டம் இல்லாமல் கிடந்ததாம்.

ஊருக்கு வந்ததும் ஏரியல் மாமா செய்த முதல் வேலை, அந்தப் பெட்டியோடு எங்கள் கூடத்தில் உட்கார்ந்ததுதான். பெட்டி அவர் கைப்படச் செய்தது. ஒவ்வொரு பாகமாகக் கழற்றினார், ஈயத்தைச் சுட்டு ஒட்டினார், புது பாட்டரி போட்டார். கருவியோடு மாமா கொல்லைப்புறம் போய் நின்றார். ஏரியல் மாமா பட்டனை அழுத்தினார். மூன்று குட்டை, மூன்று நீளம், மூன்று குட்டை.

"நல்லா வருதுடா" என்று மாமா அங்கிருந்து குரல் கொடுத்தார்.

"அன்னிக்கி மட்டும் ஏன் வரல? எங்க தப்பு பண்ணேன்னே தெரியலயே" என்றார் ஏரியல் மாமா. மறுபடி எல்லாவற்றையும் கழற்ற ஆரம்பித்தார்.

டீ டம்ளரோடு வாசற்படியில் நின்ற எனக்கு அந்த ஒலி உடனே அடையாளம் தெரிந்தது. காளவாய் நாளில் நான் கேட்டது அதேதான். ஆக, கருவி கெடவில்லை. நான் எதையும் கெடுக்கவில்லை. இரண்டு மாதமாக நெஞ்சை அடைத்துக்கொண்டிருந்த பாரம் அந்த நிமிடமே இறங்கிவிட்டது. டம்ளரை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு, வெகுநாளைக்குப் பிறகு தெருவுக்கு விளையாடப் போனேன்.