ஓட்டுநரைக் காக்கும் எடை

பாதுகாப்பை அடிமட்டத்துக்குக் குறைத்துவிட்டால் என் ஊர்தி முதலிடத்துக்கு வரக்கூடும் என்று எழுதியிருந்தார் போட்டியின் நடுவர். அந்த வரியை மூன்று முறை படித்தேன்.

அரியலூர்க் கல்லூரி ஒன்றில் தமிழ் கற்பித்து ஓய்வுபெற்றவன் நான், பெரம்பலூரில் வாழ்கிறேன். கணினியில் மகிழுந்து கட்டும் விளையாட்டு ஒன்று உண்டு. சட்டகம் தொடங்கி உந்துபொறி உருளையின் விட்டம் வரை ஒவ்வொன்றையும் நாமே முடிவு செய்ய வேண்டும். பிறகு கணினி அதை ஓட்டிப் பார்த்து, பந்தயத் தடத்தைச் சுற்றிவர எத்தனை நொடி ஆகிறது என்று சொல்லும். வெளிநாடு சென்ற மகன் விட்டுப்போன கணினியில் தற்செயலாக அதைத் திறந்தேன். மூன்று ஆண்டுகளாக மூட முடியவில்லை. வெண்பா எழுதிப் பழகியவனுக்கு அதன் இயல்பு விரைவில் பிடிபடும். ஒரு சீரை மாற்றினால் அடுத்த தளை தட்டுவது போல, ஆற்றலைக் கூட்டினால் பொறி சூடேறும். சூட்டைத் தணிக்கப் பெரிய குளிர்விப்பான் வைத்தால் முகப்பு அகன்று காற்று தடுக்கும்.

இவ்விளையாட்டினர் பல நாடுகளிலிருந்து இணையத்தில் கூடிப் போட்டி நடத்துகிறார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தைந்துக்குப் பிந்திய தொழில்நுட்பம் எதுவும் இல்லாத பந்தய ஊர்தி ஒன்றைப் படைக்க வேண்டும் என்பது இம்முறை விதி. ஆறு உருளைப் பொறி, நீண்ட மூக்கு, ஒடுங்கிய சக்கரங்கள் என்று ஒன்றை அமைத்து அனுப்பினேன். நான்காம் இடம் கிடைத்தது. இறுதிப் பந்தயத்துக்கு மூவரே செல்ல முடியும். ஆனால் வியாழன் மாலைக்குள் ஒருமுறை திருத்தி அனுப்பலாம். எழுபத்திரண்டு வயதில் நான் அந்த மூவருள் ஒருவனாக விரும்பினேன். அதை மறைப்பானேன்?

இதில் எனக்கு ஒரு துணைவர் உண்டு. என் மனைவியின் தம்பி, கீழப்பழுவூரில் இருக்கிறார். பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் இடையே தனியார் பேருந்து ஓட்டியவர். வாரம் ஒருமுறை காலையில் வருவார். நான் வடிவமைப்பேன், வண்டி வளைவில் எப்படி நடந்துகொள்ளும் என்று அவர் சொல்வார்.

"எரிகலப்பி இரண்டு வைத்திருக்கிறேன், மாப்பிள்ளை."

"கார்பரேட்டர்னு சொல்லுங்க மாமா. நீங்க சொல்றதக் கேட்டா அக்கா சட்டினி அரைக்கிற சாமானாட்டம் இருக்கு."

நகைத்தாலும் கியரின் விகிதங்களை அமைத்துத் தந்தவர் அவரே. கணினி தானாக அமைத்ததைவிட அவை ஒரு சுற்றில் இரண்டு நொடி மிச்சப்படுத்தின.

நடுவரின் குறிப்பைக் கண்டதும் முதல் மூன்று ஊர்திகளையும் திறந்து பார்த்தேன். மூன்றிலும் ஓட்டுநரை இருக்கையோடு பிணைக்கும் வார்ப்பட்டை இல்லை. தலைக்குப் பின்னால் இரும்பு வளைவு இல்லை. எரிபொருள் கலம் அவர் முதுகை ஒட்டி உறையின்றிக் கிடந்தது. அத்தனையும் எடை என்று நீக்கியிருந்தார்கள். மறுப்புக் கடிதம் எழுதினேன். "உள்ளே யாரும் உட்காரவில்லை, இது விளையாட்டு. நீங்கள் எடுக்காவிட்டாலும் மற்றவர்கள் எடுப்பார்கள்" என்று நடுவரின் மறுமொழி வந்தது.

அப்படியாயின் விதி எதற்கு? பக்கக் கண்ணாடியின் வடிவம் சில ஆண்டு பிந்தியது என்று ஒருவரை இதே போட்டியிலிருந்து விலக்கினார்கள். கண்ணாடிக்கு வயது பார்க்கத் தெரிந்தவர்களுக்கு, அந்தக் கண்ணாடியில் பார்க்க வேண்டிய மனிதனின் விலா எலும்பு கண்ணுக்குத் தெரியவில்லை. ஆள் இல்லையென்றால் இருக்கையை ஏன் வைத்தார்கள்? திசைமாற்றும் வளையம் யாருடைய கைக்கு?

வியாழன் காலை மைத்துனர் வந்தார். என்னைவிட அவர் கொதிப்பார் என்று நம்பிக் கடிதங்களைப் படித்துக் காட்டினேன். இட்டிலியை முடித்துக் கை கழுவிவிட்டு வந்தார்.

"எடுத்துருங்க மாமா."

"எதை?"

"அந்தப் பாதுகாப்பத்தான். வண்டி அத சும்மா தூக்கிட்டு ஓடுது. இப்ப யாரு செத்துட்டா?"

"நீங்களா இப்படிச் சொல்வது? ஒரு கீறலும் இல்லாமல் பேருந்து ஓட்டியவர்."

"கீறல் இல்லதான்." சிரித்தார். "பின்னாடி வர்ற பஸ்ஸு அஞ்சு நிமிசத்துல புடிச்சிருவான். முன்னாடி போறவனுக்குத்தான் ஆளு ஏறும். சுண்ணாம்புக்கல்லு லாரிய முந்தி ஏறிப் போயாவணும். பிரேக்கு ரெண்டு தடவ மிதிச்சாத்தான் புடிக்கும். ஓனர்ட்ட சொன்னா, அடுத்த மாசம் பாப்போம்பாரு. நாலு மாசம் அப்படியே ஓட்டுனேன்."

"எப்போது?"

"மூணாவது சீட்டுல உக்காந்து பேப்பர் படிச்சிட்டு காலேஜிக்கு வருவீங்களே, அப்பதான்."

அடுக்களையில் பாத்திர ஒலி நின்றது. என் மனைவி வாசலுக்கு வந்தாள்.

"கைப்புள்ளைய வச்சிக்கிட்டு நானுந்தானடா அதுல வந்தேன்."

"ஆமாக்கா," என்றார் அவர். சிரிப்பு போய்விட்டிருந்தது.

இவருடைய அறுபதாம் ஆண்டு விழாவில் நாற்பது அடியில் வாழ்த்துப்பா பாடியவன் நான். உயிர் காக்கும் கையினர் என்று இரண்டு இடத்தில் எழுதியிருந்தேன். அந்தச் சொற்கள் என் வாயில் இப்போது கசந்தன.

"ஒருவரும் இறக்கவில்லை என்றால் அது பாதுகாப்பு அன்று, மாப்பிள்ளை. அது நல்லூழ்."

"நான் பஸ்ஸ எடுக்க மாட்டேன்னா இன்னொரு டிரைவர் எடுப்பான் மாமா. வண்டி நிக்காது."

"நடுவரும் ஏறத்தாழ இதையேதான் எழுதியிருக்கிறார்."

நான் கணினியின் முன் அமர்ந்தேன். திரையில் பாதுகாப்பின் அளவுகோலைத் தொடவில்லை. அதைத் தொடாமல் வேறெங்கோ எடை குறைக்க நண்பகல் வரை முயன்றேன். கதவுத் தகட்டை மெலிதாக்கினேன். மூக்கைச் சற்றே சுருக்கினேன். போதவில்லை என்று எனக்கே தெரிந்தது.

"மூணு பேருல வர முடியாது மாமா. பரவால்லியா?"

"பரவாயில்லை என்று யார் சொன்னார்?" என்றேன். சொல்லிவிட்டே ஊர்தியை அனுப்பினேன்.

மறு வாரம் முடிவு வந்தது. ஆறாம் இடம். மற்றவர்கள் இன்னும் எதையெதையோ கழற்றியிருந்தார்கள். வடிவம் நேர்த்தி, வீண்சுமை மிகுதி என்றது நடுவரின் குறிப்பு. வீண்சுமையாம்!

அன்றே இரண்டாவது மறுப்பைத் தொடங்கினேன். உள்ளே ஆள் இல்லை என்று கழற்றிப் பழகிய கை, ஆள் இருக்கும் வண்டியிலும் அதையே செய்யும் என்று எழுதினேன். அதற்குச் சான்றாக அரியலூர்ச் சாலையில் நான்கு மாதம் ஓடிய ஒரு பேருந்தைச் சேர்த்தேன். ஓட்டியவரின் பெயரை விட்டுவிட்டேன். அவருக்குத் தெரியாமல் அனுப்புவது முறையன்று என்று, அவர் வந்ததும் முழுவதையும் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு நாற்காலியைத் திரைக்கு அருகே இழுத்தார்.

"என் பேரப் போடுங்க மாமா," என்றார். "ஓனர் பேரையும் சேத்துப் போடுங்க."

இரண்டையும் எழுதி அனுப்பினேன்.