வென் வீட்டு ஹீட்டர்

துவான் சிங்லான் சென்ற குளிர்காலத்தில் இறந்தாள். நூற்பாலைக் குடியிருப்பில் அவள் கை படாத வாட்டர் ஹீட்டர் ஒன்றுகூடக் கிடையாது. இது மிகையில்லை. வேலை முடிந்ததும் ஹீட்டரின் அடிவயிற்றில் கறுப்பு மையால் தேதியும் தன் குடும்பப் பெயரும் எழுதுவது அவள் வழக்கம். யார் வேண்டுமானாலும் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

வட சீனாவின் ஃபென் ஆற்றுப் பள்ளத்தாக்கில் இருக்கும் அந்த ஊருக்குத் தண்ணீர் சுண்ணாம்புப் பாறையைக் கரைத்துக்கொண்டு வருகிறது. புதுக் கெட்டில் ஒரே வாரத்தில் உள்ளே வெள்ளை பூத்துவிடும். வாஷிங் மெஷினில் துவைத்த துண்டு அப்பளமாக விறைக்கும். ஊர்க்காரர்கள் நூடுல்ஸில் இவ்வளவு வினிகர் ஊற்றிக்கொள்வதே குடலில் படிந்ததைக் கரைக்கத்தான் என்று வெளியூர்க்காரர்கள் கேலி செய்வார்கள். ஊர்க்காரர்கள் மறுப்பதில்லை.

ஆலை மூடியபோது சிங்லானுக்கு நாற்பத்திரண்டு வயது. கணவன் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டான். ஆலையில் நீராவிக் குழாய்களைச் சுரண்டிப் பழகிய கை அவளுடையது. அந்தக் கையில் ஸ்பேனரோடு மாடி மாடியாக ஏறினாள். பொம்பளை கரண்ட் வேலை பார்ப்பதா என்று சிரித்தவர்கள் இரண்டே குளிர்காலத்தில் சிரிப்பை விட்டார்கள். வாசலில் நின்று ஹீட்டர் கொதிக்கும் சத்தத்தைக் கேட்டே, "காயில் மேல விரல் கனத்துக்குச் சுண்ணாம்பு ஏறியிருக்கு" என்பாள். கழற்றினால் விரல் கனம்தான் இருக்கும்.

அந்த வேலைக் காசில்தான் மகள் லீமின் படித்தாள். மாகாணத் தலைநகரில் தண்ணீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் பொறியாளர் ஆனாள்.

சிங்லானுக்கு அறுபது ஆன ஆண்டு. புத்தாண்டு விடுமுறைக்கு லீமின் வந்திருந்தாள். சந்திர மாதக் கணக்கில் பன்னிரண்டாம் மாதம் இருபத்து மூன்றாம் நாள், மூன்றாம் மாடியிலிருந்து வென் கூப்பிட்டார். ஆலையில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டு ஹீட்டருக்குப் பத்தொன்பது வயது.

"சிங்லான், சோளம் பொரியிற மாதிரி சத்தம் போடுது. இருபத்தேழாம் தேதிக்குள்ள சரி பண்ணிடு. பேரன் வர்றான்."

இருபத்தேழாம் தேதி குளித்து அந்த ஆண்டின் அழுக்கைக் கழுவாமல் அங்கே யாரும் புத்தாண்டுக்குள் காலெடுத்து வைப்பதில்லை.

தாயும் மகளும் போனார்கள். சிங்லான் தண்ணீரை வடித்தாள். காயிலை உருவிச் சுரண்டினாள். தொட்டிக்கு வர வேண்டிய துருவைத் தான் வாங்கித் தேய்ந்த மெக்னீசியக் கம்பியை மாற்றினாள். பழைய தொட்டி என்றால் இத்தோடு மூடிவிடுவாள். லீமின் டார்ச் அடித்து உள்ளே பார்த்தாள்.

"அம்மா, சுவர் பூரா அரை விரல் கனம் இருக்கு. இதை விட்டுட்டு காயிலை மட்டும் சுரண்டினா எப்படி? எலுமிச்சை உப்பைக் கரைச்சு ஊத்தி, வெதுவெதுன்னு நாலு மணி நேரம் வெச்சா மொத்தமும் கரைஞ்சு வந்துடும்."

எத்தனை லிட்டருக்கு எத்தனை கிராம் என்று அங்கேயே கணக்குச் சொன்னாள். வென் தலையை ஆட்டினார். கீழ்வீட்டு ஹௌ, வம்பு கேட்க ஏறி வந்தவள், வாய் பிளந்து நின்றாள்.

"சிங்லான், உன் பொண்ணு உன்னையே தூக்கிச் சாப்பிட்டுடுவா போலிருக்கே!"

பழைய தொட்டியின் சுவரைத் தொடக் கூடாது என்று சிங்லானுக்குத் தெரியும். தகடுகளைப் பற்றவைத்த தையல் துருப்பிடித்திருந்தால், அதை அந்தச் சுண்ணாம்புப் பொருக்குதான் அடைத்துக்கொண்டிருக்கும். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எலுமிச்சை உப்புப் பொட்டலத்தை எடுத்து மகளிடம் நீட்டினாள்.

மாலைக்குள் தொட்டி உள்ளே கண்ணாடியாக மின்னியது. தண்ணீர் பாதி நேரத்தில் சூடானது. சத்தமே இல்லை. வென் இருவருக்கும் ஆரஞ்சு கொடுத்து அனுப்பினார். சிங்லான் ஹீட்டரின் அடியில் தேதி போட்டு, "துவான்" என்று எழுதினாள்.

காலையில் ஹௌவின் கூச்சல்தான் எல்லோரையும் எழுப்பியது. அவள் வீட்டுக் கூரையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. மேலே ஓடிப் பார்த்தால், தொட்டியின் தையல் நெடுகிலும் ஊசித் துளைகள். வென் குளியலறையில் கணுக்கால் தண்ணீர்.

லீமின் வெளுத்துப் போனாள். "அம்மா, தப்பு என்னுது. நானே சொல்லிடறேன்."

"பேசாம டார்ச்சைப் பிடி."

படிக்கட்டில் கூட்டம் கூடிவிட்டது. வென் ஹீட்டரின் அடிவயிற்றைத் தட்டிக் காட்டினார். "இதுல யார் பேர் இருக்கு? இத்தனை வருஷம் இந்தப் பேரைப் பார்த்துத்தான் நாங்க நிம்மதியா ஸ்விட்ச்சைப் போட்டோம்."

"என் பேர்தான் வென் அண்ணே. அவளுக்கு இந்தத் தொட்டியைப் பத்தித் தெரியாது. எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் விட்டேன்."

"தெரிஞ்சு ஏன்டி விட்டே?" என்றாள் ஹௌ.

சிங்லான் ஈரக் கையை முழங்காலில் துடைத்துக்கொண்டாள். "அவ பேசுறதைக் கேக்க நல்லா இருந்துச்சு."

கூட்டம் ஒவ்வொருவராகப் படி இறங்கியது.

மதியத்துக்குள் தன் வீட்டு ஹீட்டரைக் கழற்றினாள். தாயும் மகளும் அதை மூன்றாம் மாடிக்கு ஏற்றி வென் வீட்டில் மாட்டினார்கள். வென் முகம் கொடுக்கவில்லை. ஆரஞ்சும் கொடுக்கவில்லை.

மற்ற ஆண்டுகளில் அந்த வாரம் சிங்லானுக்குச் சோறு தின்ன நேரம் இருக்காது. கதவை மாற்றி மாற்றித் தட்டுவார்கள். அந்த முறை மூன்று நாள் ஒருவரும் தட்டவில்லை. அவள் ஸ்பேனர்களை எண்ணெய் போட்டுத் துடைத்தாள். துடைத்ததையே மறுபடி துடைத்தாள். இனி யாரும் கூப்பிட மாட்டார்களோ என்று அவள் வாய் விட்டுக் கேட்கவில்லை. லீமினும் கேட்கவில்லை.

இருபத்தேழாம் தேதி வந்தது. வீட்டில் ஹீட்டர் இல்லை. பொதுக் குளியலகத்துக்குத்தான் போக வேண்டும். முதுகு தேய்த்துக்கொள்ள அன்று குடியிருப்புப் பெண்களில் பாதிப் பேர் அங்கேதான் இருப்பார்கள்.

"நாளைக்குப் போலாமா அம்மா?" என்றாள் லீமின்.

"இருபத்தேழாம் தேதி இன்னைக்குத்தானே?" சிங்லான் துண்டைத் தோளில் போட்டாள்.

உள்ளே நீராவி. சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். சிங்லான் நடுவில் இருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். பின்னால் யாரோ வந்து நின்றார்கள்.

"திரும்பு. முதுகைக் காட்டு." ஹௌ. கையில் சொரசொரப்பான துணி. தேய்த்தாள், தோல் உரிகிற மாதிரி. "என் கூரையில வாத்து மாதிரி ஒரு கறை விழுந்திருக்கு. படுத்தா அது என்னையே பாக்குது."

"வெள்ளையடிச்சுத் தர்றேன்."

"அது கிடக்கட்டும். என் ஹீட்டரும் பொரிய ஆரம்பிச்சிருக்கு. நாளைக்கு வந்து பாரு. ஆனா உன் இன்ஜினியரம்மாவை மட்டும் கூட்டிட்டு வராதே, தாயே!"

பெஞ்சு முழுக்கச் சிரித்தது. லீமின் தலையைக் குனிந்துகொண்டாள்.

சிங்லான் ஒரு வாளி வெந்நீரைத் தோளில் ஊற்றிக்கொண்டாள். "அவ வந்தாத்தான் நான் வருவேன்."

"அவ எதுக்கு?"

"பழைய தொட்டியில எதைத் தொடக் கூடாதுன்னு இந்த ஊர்லயே இவளுக்குத்தான் இப்ப நல்லாத் தெரியும்."

ஹௌவின் கை நின்றது. பிறகு மறுபடி தேய்த்தது, கொஞ்சம் மெதுவாக.

"சரி, ரெண்டு பேரும் வந்து தொலைங்க. சாப்பிட்டுட்டு வந்துடாதீங்க, கொழுக்கட்டை பிடிக்கிறேன்." துணியைப் பிழிந்து உதறிவிட்டு அந்தப் பக்கம் திரும்பினாள். "ஏய் இன்ஜினியர், முதுகைக் காட்டு."