ஆயுத பூசைக்கு வைத்த சாமந்தி

மணிமொழி எம்.எஸ்ஸி. பயோடெக்னாலஜி முடித்தபோது, கரும்பு வெட்டப் போகும் அவள் அப்பாவை மணலூர்பேட்டையே நிறுத்திக் கேட்டது: "பொண்ணு டாக்டரா, நர்ஸா?" இரண்டும் இல்லை என்றதும், "அப்ப இன்னாத்துக்குப் படிக்க வெச்ச?" நியாயமான கேள்விதான், போங்கள்! மருந்துக் கம்பெனியில் அனுபவம் கேட்டார்கள். பள்ளிக்கூடத்தில் பி.எட். கேட்டார்கள். ஆராய்ச்சிக்கான தேர்வு இரண்டு முறையும் நூலிழையில் தவறியது. மூன்று வருடம் வீட்டில் கிடந்த பிறகுதான் சின்னசேலம் பக்கம் ராஜாங்கத்தின் திசு வளர்ப்புக் கூடத்தில் வேலை கிடைத்தது. இலைத் தேமல் நோயில்லாத மரவள்ளிக் கன்றுகளைக் கண்ணாடிப் புட்டிகளில் வளர்க்கும் இடம். ஆறு மாதத் தற்காலிக வேலை. வருகிற வெள்ளிக்கிழமை நிரந்தரம் செய்வதாகச் சொல்லியிருந்தார்.

செவ்வாய்க்கிழமை காலையில், எல்லா அலமாரிகளிலிருந்தும் சோதனைக்கு எடுத்து ஒன்றாகக் கலந்து வைத்திருந்த புட்டிகளில் சிலவற்றுக்குள் பூஞ்சை தெரிந்தது. திட்டுத்திட்டாக இல்லை, ஏதோ ஊர்ந்துபோன தடம்போல வரிவரியாக. மணிமொழிக்குப் பார்த்ததும் புரிந்தது. இது சிலந்திப்பேன். கண்ணுக்குத் தெரியாமல் மூடி இடுக்கில் நுழைந்து, காலோடு பூஞ்சையையும் கொண்டுபோகும். பூவில் வரும். அந்தப் பூவை வைத்தவள் அவளேதான். ஆயுத பூசையன்று, சோறு போடுகிற இடத்துக்கு ஒரு சாமந்திகூடவா இல்லை என்று மனசு கேட்காமல் இரண்டு அலமாரிகளில் வைத்து, மறுநாள் எடுத்துவிட்டாள். படித்த படிப்பெல்லாம் அந்த ஐந்து நிமிடம் எங்கே போய்த் தொலைந்ததோ!

ராஜாங்கம் தரையில் ஒரு காய்ந்த இதழைக் கண்டெடுத்தார். "யாரு உள்ள பூ வெச்சது?"

மணிமொழி தலையைக் குனிந்துகொண்டாள். புட்டி கழுவும் பெரியம்மாள் அவள் முகத்தை ஒரு தரம் பார்த்தாள். யார் வைத்தது என்று விளங்கிவிட்டது.

"நாந்தாங்க. பூசையாச்சேன்னு வெச்சிட்டேங்க" என்று பெரியம்மாள் முந்திக்கொண்டாள்.

"எந்த அலமாரில?"

மொத்தம் ஒன்பது அலமாரி. பெரியம்மாள் திருதிருவென்று விழித்து, மூன்றாவதைக் காட்டினாள்.

தப்பு. காட்டிய அலமாரியைத்தான் அழிப்பார்; நல்ல செடியைக் கொன்றுவிட்டுப் பேனை உள்ளேயே விட்டால் ஒரே வாரத்தில் ஒன்பதும் போகும். கரியாலூர் மலையில் விவசாயிகள் இந்தக் கன்றுக்காகவே நிலத்தைச் சும்மா போட்டுக் காத்திருக்கிறார்கள். மணிமொழி வாயை மூடிக்கொண்டால் வெள்ளிக்கிழமை வேலை நிச்சயம். ராஜாங்கம் மூன்றாவது அலமாரியில் கை வைத்தார்.

"சார், வேணாம்! அக்கா வெக்கல, நான் வெச்சேன். அஞ்சாவதும் ஆறாவதும்."

அவர் கையை எடுத்துவிட்டுத் திரும்பினார். "அந்தம்மா வெச்சிருந்தா தெரியாம செஞ்சதுன்னு வுட்டிருப்பேன். உனுக்குத் தெரியும்ல? அந்த ரெண்டையும் அழிச்சிட்டு, சாவியக் குடுத்துட்டுக் கெளம்பும்மா."

அறுநூறு புட்டிகள். மூடி திறக்காமல் ஒவ்வொன்றாகக் கூடையில் அடுக்கி நீராவிக் கொப்பரையில் வேகவைத்தாள். பெரியம்மாளுக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"தவளை தன் வாயாலதான் கெடும். என்னிய நாலு திட்டு திட்டிட்டுப் போயிருப்பாரு. மூணு வருசம் வூட்ல அழுதுக்கினு கெடந்தியே, மறந்துபூட்ச்சா?"

"மறக்கலக்கா."

"அப்புறம் இன்னாத்துக்குச் சொன்ன?"

"எந்த அலமாரின்னு என்னியத் தவிர யாருக்குக்கா தெரியும்?" என்று சொல்லும்போதே அழுகை பீறிட்டது. கண்ணைத் துடைத்தால் கையை மறுபடி கழுவ வேண்டும். துடைக்காமலே அடுத்த கூடையைத் தூக்கினாள்.