பூஜையில் வைத்த பென் டிரைவ்

கீபோர்டில் இரண்டு பட்டன்களுக்கு நடுவே ஒரு பொரி சிக்கியிருந்தது. மானிட்டரின் நெற்றியில் சந்தனம், குங்குமம். சிபியூ மேல் வாடிய சாமந்தி மாலை... ஆயுத பூஜை விடுமுறை முடிந்து லேப் திறந்த காலை. அந்த வாசம் இன்னும் மூக்கிலேயே இருக்கிறது.

அப்போது நான் கடலூரில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் கம்ப்யூட்டர் ஆள். சிதம்பரத்திலிருந்து தினமும் பஸ். பேருக்குத்தான் சிஸ்டம் அட்மின். பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும் "சுமதி..." என்று ஒரு குரல் வரும். எனக்குக் கடுப்பாக இருக்கும்.

பி.முட்லூரில் அதே பஸ்ஸில் ஏறுவார் நிஷா அக்கா. பரங்கிப்பேட்டைக்காரர். லேபில் டேட்டா என்ட்ரி அவர்தான். சவுதியில் வேலை போய் அவர் கணவர் ஊர் திரும்பியிருந்த நேரம் அது. வீடு முழுக்க அக்காவின் வேலையை நம்பித்தான் இருந்தது.

அந்த வருடம் பூஜைக்கு இரண்டு நாள் முன்னால் ஸ்ரீமுஷ்ணத்தில் எங்கள் லேப் ஒரு முகாம் நடத்தியது. அந்த ரிசல்ட் எழுதிய சீட்டுகளை, பூஜை நாளன்றும் வந்து உட்கார்ந்து, காலையிலிருந்து ஐந்து மணி வரை அக்கா ஏற்றினார். முடிந்ததும் மேனேஜர், "பூஜைக்கு முன்னாடி குப்பை இருக்கக் கூடாது, கிழிச்சுப் போட்டுருங்க" என்றார். அக்காவும் கிழித்துப் போட்டார்.

விடுமுறை முடிந்து வந்து சிஸ்டத்தில் பார்த்தால்... ஸ்ரீமுஷ்ணம் முகாமில் ஒரு பெயர்கூட இல்லை!

பதினோரு மணிக்கு ரிப்போர்ட் வாங்க வேனில் ஆட்கள் வருகிறார்கள். சீட்டும் இல்லை, திரும்பச் சோதித்துப் பார்க்க ரத்தமும் இல்லை. மேனேஜர் எல்லார் முன்னாலும் கத்த ஆரம்பித்தார்.

"என்ட்ரி போடாமலே கிழிச்சுப் போட்டுட்டு போய்ட்டீங்களாம்மா? பண்டிகை அவசரமா?"

"அல்லா அறிய நான் போட்டேன் சார். ஒண்ணு விடாம போட்டேன்."

முதலாளி டாக்டரம்மா வந்தார். கேட்டார். "நாளைலேர்ந்து வர வேணாம் நிஷா" என்று சொல்லிவிட்டார்.

அக்கா அழவில்லை. டிபன் பாக்ஸை எடுத்துப் பையில் வைத்தார். அதைப் பார்த்ததும் எனக்குச் சுர்ரென்று ஏறியது. "அரை மணி நேரம் குடுங்க மேடம்" என்று சர்வர் முன்னால் போய் உட்கார்ந்துவிட்டேன். எந்த தைரியத்தில் சொன்னேன் என்று இன்றுவரை தெரியாது.

டேட்டாபேஸை எப்போது காப்பி எடுத்து பேக்கப் வைத்தார்கள், எப்போது பழைய காப்பியைத் திரும்ப ஏற்றி ரீஸ்டோர் செய்தார்கள் என்பதையெல்லாம் சர்வர் தனியாகக் குறித்து வைத்திருக்கும். டேட்டாவை நீங்கள் எத்தனை முறை மாற்றி ஏற்றினாலும் அந்த ஹிஸ்டரி அது பாட்டுக்கு இருக்கும். படித்திருந்தேனே தவிர, ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை. அதைக் கேட்டு நாலு வரி க்வெரி அடித்தேன். இரண்டு முறை எரர். மூன்றாவது முறை வந்தது...

பூஜை நாள் காலை ஒன்பதரை. பேக்கப், பென் டிரைவுக்கு.
அதே நாள் மாலை ஐந்தரை. பேக்கப், டி டிரைவுக்கு.
மறுநாள் காலை ஏழு இருபது. ரீஸ்டோர், பென் டிரைவிலிருந்து. செய்தவர்: மேனேஜர்.

நாற்காலியிலிருந்து குதித்தேன். நிஜமாகவே குதித்தேன்!

மேனேஜர் முகம் வெளுத்துப் போனது. "வருஷா வருஷம் பண்றதுதாம்மா... பூஜைக்குன்னு காலைலயே காப்பி எடுத்து, மஞ்சள் தடவி தட்டுல வைப்பேன். பூஜைல வச்ச புஸ்தகத்த எடுத்து மறுநாள் படிக்கறதில்லையா? அந்த மாதிரி, அதையே மொதல்ல சிஸ்டத்துல ஏத்துவேன்..."

பழைய காப்பியை ஏற்றினால் அதற்கப்புறம் போட்டதெல்லாம் போய்விடும். மற்ற வருடங்களில் பூஜை நாளன்று யாரும் வேலை பார்த்ததில்லை. அதனால் சேதமும் இல்லை. இந்த முறை அக்காவின் ஒரு நாள் உழைப்பைப் பக்தியோடு அழித்திருக்கிறார் மனுஷன்.

ஐந்தரை பேக்கப் எங்கிருந்து வந்தது? சாஃப்ட்வேர் போட்டுக் கொடுத்த புதுச்சேரிக்காரர் தினமும் தானாக ஓடும்படி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அட்மினான எனக்கே தெரியாது. காட்டிக்கொள்ளவில்லை.

இருந்ததை ஒரு காப்பி எடுத்துக்கொண்டு, ஐந்தரை ஃபைலை ரீஸ்டோர் செய்தேன். பத்து சதவீதம்... நாற்பது... எண்பது... லேபே என் முதுகுக்குப் பின்னால் நின்றது. நூறு வந்ததும் ஸ்ரீமுஷ்ணம் என்று தேடினேன். திரை நிறையப் பெயர்கள். கடைசி என்ட்ரி நாலு ஐம்பதுக்கு, நிஷா என்ற பெயரில்.

பிரிண்டர் கடகடவென்று ஓடியது. அன்றைக்குப் பேப்பர் சிக்கவே இல்லை.

டாக்டரம்மா உடனே மன்னிப்புக் கேட்டார். மேனேஜர் மட்டும் அக்காவைத் தனியாக உள்ளே கூப்பிட்டார். அக்கா நகரவில்லை.

"எல்லாரும் பாக்கத்தான சார் திட்டுனீங்க? எல்லாரும் பாக்கவே சொல்லுங்க."

மேனேஜரும் சொன்னார்! அப்புறம் அக்கா பையை வைத்துவிட்டு, வேனில் வந்தவர்களுக்கு ரிப்போர்ட் கொடுக்கப் போய்விட்டார். அன்று மாலை பஸ்ஸில் ஆலப்பாக்கம் தாண்டும்வரை நாங்கள் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே வந்தோம். கண்டக்டர் ஒரு மாதிரி பார்த்தார்.

இப்போது நான் சிதம்பரத்தில் வீட்டிலிருந்தே ஒரு கம்பெனிக்கு வேலை பார்க்கிறேன். அந்த ஹிஸ்டரி எல்லாம் போனிலேயே வரிசையாகப் பச்சை டிக்கோடு வந்துவிடுகிறது. க்வெரி அடிக்க வேண்டாம், எரர் வாங்கவும் வேண்டாம். வேலை சுலபம்தான். ஆனால் முதுகுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க யாரும் இல்லை...

அந்த லேபுக்கு இப்போது நிஷா அக்காதான் மேனேஜர். போன வாரம் போன் செய்தார். புதிதாக வந்த பெண்ணின் என்ட்ரி காணவில்லையாம், ஆளாளுக்கு அவள் மேல் பாய்ந்தார்களாம்.

"ஹிஸ்டரி பாக்குற வரைக்கும் ஒருத்தரும் வாயத் தொறக்கக் கூடாதுன்னுட்டேன் சுமதி. அந்தப் புள்ளைய உக்கார வச்சு டீ வாங்கிக் குடுத்தேன்."

"பாத்தீங்களாக்கா? என்ன இருந்துச்சு?"

"ரீஸ்டோர் ஒண்ணுமே இல்ல. அவ போடலதான், மறந்துட்டா. அப்பறந்தான் திட்டுனேன்... கதவ சாத்திக்கிட்டு!"