ஜாடிக் கம்பெனி மண்

குடிபாலாவுக்குத் தெற்கே மூடிக் கிடந்த ஜாடிக் கம்பெனிக்குள் ரத்னம்மா போனது வேடிக்கை பார்க்க அல்ல. இத்தனை வருஷமாக அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்காதவள் அவள். இப்போது சின்னவள் சுலோசனாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. கல்யாணத்துக்கு முன்னால், பெண் வீட்டில் சின்ன வயதில் செத்த பெண்ணைப் பூவாடைக்காரியாக அழைத்துவந்து கும்பிட வேண்டும். புதைத்த இடத்து மண் ஒரு பிடி வந்தால்தான் அவளும் வருவாள் என்பது வழக்கம். மூத்தவள் தாட்சாயணி ஆறு வயதில் காலரா கண்டு இந்தக் கம்பெனிக்குள்தான் செத்தாள்.

ஸ்டேட் பிரிந்து, எது ஆந்திரா, எது மெட்ராஸ் என்று எல்லைத் தகராறு ஒருவழியாகத் தீர்ந்திருந்த சமயம். மாப்பிள்ளை வீடு வேலூர்ப் பக்கம். ‘பொண்ண சீமைக்குக் குடுக்கறியா?’ என்று ஊரே கேலி செய்தது. ரத்னம்மா சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. அவளுக்கு அதெல்லாம் காலராவோடு நின்றுபோயிருந்தது. பெற்ற பிள்ளைக்கு அழாத கல்நெஞ்சுக்காரி என்றுகூடச் சொன்னார்கள். பேசுகிறவர்களுக்கு என்ன, காசா பணமா?

காவல்காரர் சிட்டிபாபு தெலுங்குக்காரர். பேச ஆள் கிடைத்த சந்தோஷத்தில் ஒவ்வொரு கொட்டகையாகக் காட்டிக்கொண்டே போனார். இது சக்கரம் சுற்றிய இடம். யுத்தம் வந்து கம்பெனியை மூடியதும் மிலிட்டரிக்காரன் இங்கேதான் அரிசி மூட்டை அடுக்கினான். சூளைக்குள் இப்போது வௌவால். கடைசியாக இருந்த நீளக் கொட்டகைக்கு வந்ததும் அவர் குரல் இறங்கியது.

“இங்க ஜாடிய காய வெப்பாங்கம்மா. அப்பறம் காலரா வந்தவங்கள படுக்க வெச்சாங்க.”

“தெரியும்,” என்றாள் ரத்னம்மா.

சுவர் நெடுகப் பலகைகள். அதில் ஏதோ ஒன்றில்தான் குழந்தை கிடந்தது. அப்போது அவளைக் கேட்டுக்குள்ளேயே விடவில்லை. சுலோசனாவை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே நின்றவளிடம், ‘களிமண் குழியில பொதைச்சாச்சு’ என்று யாரோ சொல்லிவிட்டுப் போனார்கள். ரத்னம்மா ஒரு பலகையைத் தொட்டுப் பார்த்தாள். நெஞ்சை அடைக்கும் என்று பயந்துகொண்டு வந்தவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

“களிமண் குழி எங்கண்ணா?”

பின்பக்கம் கூட்டிப் போனார். குட்டை மாதிரிப் பெரிய பள்ளம். அதில் பச்சைத் தண்ணீர்.

“இம்மாம் பெரிசாவா இருந்திச்சி?”

“காலரா போனப்பறம் வேற மொதலாளி வந்தாருல்லம்மா. கொஞ்ச வருசம் கம்பெனிய நடத்தினாரு. அப்ப இங்க இருந்த மண்ணெல்லாம்...”

“தோண்டி ஜாடி பண்ணிட்டாங்களா?”

சிட்டிபாபு தலையைக் குனிந்துகொண்டார். ஆறுதலுக்கு ஒரு பொய் சொல்லக்கூட அந்த மனுஷனுக்கு வரவில்லை.

ஒரு பிடி மண்ணுக்கு வந்தவளுக்கு அந்த ஒரு பிடியும் இல்லை. இனி அள்ளினால் தண்ணீருக்கடியில்தான் அள்ள வேண்டும். அது அவள் பெண் படுக்காத மண்.

சூளை வாசலில் உடைந்த ஜாடிகள் குவிந்து கிடந்தன. ரத்னம்மா அங்கே போய் உட்கார்ந்து துண்டு துண்டாக எடுத்துப் பார்த்தாள். எதில் என்று யார் சொல்வது? எல்லாவற்றிலும் கொஞ்சம் இருப்பாள். மீதி எந்தெந்த வீட்டில் ஊறுகாயோடு இருக்கிறாளோ! உள்ளங்கையளவு ஒரு துண்டைத் துடைத்து மஞ்சள் துணியில் முடிந்தாள்.

“தாட்சாயணி, தங்கச்சிக்குக் கண்ணாலம். வாம்மா,” என்றாள். சிட்டிபாபு தோள்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவளுக்குக் கண் காய்ந்தே கிடந்தது.

வீட்டில் விளக்கேற்றி, அதன் முன்னால் புதுப் பாவாடை மடித்து வைத்து, சுலோசனா காத்துக்கொண்டிருந்தாள். முடிச்சை அவிழ்த்ததும் முகம் சுருங்கியது.

“இன்னாம்மா இது? மண்ணு கொண்டாரலியா?”

“மண்ணத்தான் சுட்டுட்டாங்களே.”

ரத்னம்மா அந்தத் துண்டைப் பாவாடை மேல் வைத்தாள்.

“தள்ளி ஒக்காருடி. அக்காவுக்கு எடம் வுடு.”