கதவைத் தட்டியது எங்கள் முகவரி

நான் வாடகைக்கு வைத்திருக்கும் சர்வர் ஒருநாள் காலையில் என்னையே உள்ளே விடவில்லை. பாஸ்வேர்டு சரி. விரல் தடுமாறவில்லை. திரும்பத் திரும்ப அடித்தேன். ஒரு பதிலும் இல்லை. கடைசியில் செல்போன் நெட்டைப் போட்டுச் சுற்றுவழியாக உள்ளே போய்ப் பார்த்தால், தடை செய்யப்பட்ட முகவரிகளில் எங்கள் முகவரியும் இருக்கிறது. தடை செய்தது நான் உட்காரவைத்த காவல்காரன்.

நான் யார் என்பதை நானே சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் சொன்னால் குறைத்துத்தான் சொல்வார்கள். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. தங்கச் சுரங்கத்தில் காற்றுக் குழாய் மாட்டும் பிட்டருக்குக் கையாளாக இறங்கினேன். சுரங்கத்தை மூடினார்கள். எங்கள் ஆட்களில் பாதிப்பேர் விடியற்காலை ரயிலில் தொங்கிக்கொண்டு பெங்களூருக்குப் போய் செக்யூரிட்டி வேலை பார்த்தார்கள். நான் எவன் கேட்டிலும் நின்று சலாம் போடவில்லை. ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு டிவி கேபிள் இழுத்தேன். பிறகு அதே கம்பங்களில் இன்டர்நெட். எங்கள் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில் அந்தக் காலத்துக் கம்பெனி வரிசை வரிசையாகக் கட்டிய ஒன்றோடொன்று ஒட்டிய வீடுகளை லைன் என்போம். இன்று அந்த லைன்களில் இன்டர்நெட் ஓடுகிறது என்றால் என் உழைப்பில் ஓடுகிறது. டிகிரி வாங்கியவர்கள் என்னிடம் வந்து, "அங்கிள், நெட் ஸ்லோவா இருக்கு" என்று நிற்கிறார்கள்.

வாடிக்கையாளர்கள் ரீசார்ஜ் செய்யவும் புகார் எழுதவும் ஒரு பக்கம் வேண்டியிருந்தது. அதற்காகத்தான் அந்த சர்வர். அது நம் ஊரில் இல்லை, வேறெங்கோ ஒரு பெரிய கட்டடத்தில் இருக்கிறது. அதை வாங்கின அன்றைக்கே தட்ட ஆரம்பித்துவிட்டார்கள். உலகத்தின் ஏதோ மூலையிலிருந்து ஒரு மெஷின் வரும். ஒரு பெயரைச் சொல்லும், ஒரு பாஸ்வேர்டு போட்டுப் பார்க்கும், பொருந்தாவிட்டால் அடுத்தது. விடாமல், மூச்சு வாங்காமல். தட்டுகிற ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர் உண்டு, ஐ.பி. முகவரி என்பார்கள். வேறு யாராக இருந்தாலும் கண்டுகொள்ளாமல் விட்டிருப்பார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. வீடியோ பார்த்தே கற்றுக்கொண்டு ஒரு காவல் புரோகிராம் போட்டேன். ஒரே முகவரி சில தடவை தப்பாகத் தட்டினால் கதவைச் சாத்திவிடும். சாத்தியதோடு நிற்காமல், இப்படிப்பட்ட முகவரிகளை உலகம் முழுக்கச் சேர்த்து வைக்கும் ஒரு பொதுப் பட்டியலுக்குப் புகாரும் எழுதிவிடும். அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் பெரிய ஆபீஸ்கள் யாரை உள்ளே விடுவது, யாரை விடக்கூடாது என்று முடிவு செய்கின்றன.

அதுவும் போதாமல், முகவரி எந்தக் கம்பெனியுடையது என்று தேடிப் பிடித்து, போனில் தமிழில் சொல்லி இங்கிலீஷாக மாற்றி, கடிதம் போடுவேன். உங்கள் மெஷின் ஒன்று கெட்டுப்போயிருக்கிறது, கவனியுங்கள் என்று மரியாதையாகத்தான். பதில் வராது. வந்தால் அது மெஷின் போட்ட பதில்: உங்கள் புகார் பெறப்பட்டது, உங்கள் புகார் முடித்துவைக்கப்பட்டது. மறுநாள் அதே முகவரி வந்து தட்டும். திருடன் நிற்கும் இடத்தைக் கையால் சுட்டிக் காட்டியும் திரும்பிப் பார்க்காத ஆட்களோடு எத்தனை வருஷம் மல்லுக்கட்டியிருக்கிறேன்! ஆனாலும் அந்தப் பட்டியலில் என் புனைபெயருக்குப் பக்கத்தில் நம்பகமான ஆள் என்று ஓர் அடையாளம் போட்டார்கள். அதை என் வீட்டுக்காரிக்குக் காட்டினேன்.

"இதுக்கு இன்னா குடுப்பாங்க?" என்றாள்.

"ஒண்ணும் குடுக்க மாட்டாங்க."

"அப்ப மூடி வெச்சிட்டு வந்து துன்னு."

அப்படிப்பட்ட என்னைத்தான் என் காவல்காரன் வெளியே நிறுத்தினான். விஷயம் இதுதான். எங்கள் லைன்களில் எத்தனை வீடு இருந்தாலும் எல்லோரும் இன்டர்நெட்டுக்குப் போவது ஒரே முகவரி வழியாக. சுரங்கத்தில் இறங்கி ஏற எல்லோருக்கும் ஒரே கூண்டு இருந்த மாதிரி. எங்களில் யாரோ ஒருவர் வீட்டிலிருந்து ஏதோ ஒன்று போய்க் கண்ட சர்வரையெல்லாம் தட்டியிருக்கிறது, என்னுடையதையும் சேர்த்து. என் புரோகிராம் ஆள் பார்க்கவில்லை. எழுதிவிட்டது. அந்தப் பொதுப் பட்டியலைத் திறந்து பார்த்தேன். எழுதியது என்னுடையது மட்டும் இல்லை, எந்தெந்த நாட்டுக்காரர்களோ எங்களைப் பற்றி எழுதியிருந்தார்கள்.

நான் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்து லைன் பெண் வந்துவிட்டாள். பெங்களூர் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறவள். இடுப்பில் குழந்தை.

"அங்கிள், ஆபீஸ் சைட்டே ஓப்பன் ஆகல. நம்ம ஐ.பி. பிளாக்லிஸ்ட்ல இருக்குதாம். யாரோ கம்ப்ளெயிண்ட் பண்ணிட்டாங்களாம்."

"தெரியும்மா."

"யாரு பண்ணாங்க?"

நான் மழுப்புகிற ஆள் இல்லை. "நான்தான்," என்றேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. "எடுத்துடுங்க அங்கிள். இந்த வாரத்துக்குள்ள சரியாகலன்னா இவனைத் தூக்கினு நான் மறுபடி ரயில் ஏறணும். இல்லன்னா பெரிய கம்பெனி கனெக்‌ஷன்தான். எங்க லைன்ல எல்லாரும் அதத்தான் பேசறாங்க."

சாயந்திரத்துக்குள் வாசலில் கூட்டம். ஊர் முழுக்கத் திருடன் என்று எழுதினவன் இப்போது நம்மையே எழுதிவிட்டான் என்று ஒருவன் சிரித்தான். "பெருசு, உன் பேரையும் எழுதிக்க" என்றான் இன்னொருவன். புகாரை எடு, எடு என்றார்கள். எடுக்க மாட்டேன் என்றேன். புகார் உண்மை. அதை எடுத்தால் தட்டுகிறது நிற்குமா? நாளைக்கு வேறு ஒருவன் எழுதுவான். தட்டுகிறதை நிறுத்தாமல் முகவரியைக் கழுவ முடியாது. நிறுத்தாவிட்டால் இத்தனை வருஷம் நான் இழுத்த கேபிளில் துணிதான் காயப்போட வேண்டும்.

கண்டுபிடிக்கிற விதம் எனக்கு எவனும் சொல்லித் தரவில்லை. சுரங்கத்தில் காற்றுக் குழாய் எங்காவது ஒழுகினால், பிட்டர் ஒவ்வொரு லெவலாக வால்வை மூடிக்கொண்டே போவார். எதை மூடும்போது இரைச்சல் நிற்கிறதோ அதில்தான் ஓட்டை. நானும் அப்படியே செய்தேன். சர்வரில் எங்கள் முகவரிக்கான தடையைக் கொஞ்ச நேரம் விலக்கி, தட்டுவது தெரிகிற மாதிரி செல்போனில் வைத்துக்கொண்டேன். லைனுக்கு ஒன்றாக நான் வைத்திருக்கும் இன்டர்நெட் பெட்டிகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே நடந்தேன். திட்டு வாங்கிக்கொண்டே நடந்தேன் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கோயிலுக்குப் பின்னால் இருக்கும் லைனை அணைத்தபோது தட்டுவது நின்றது. போட்டேன், தட்டியது. அப்புறம் அந்த லைனில் வீடு வீடாக. என் கூட்டாளியின் வீட்டுக் கம்பியைக் கழற்றினேன். நின்றது.

கூட்டாளி என்றால் சும்மா சொல்லவில்லை. ஒரே ஷிப்டில் ஒரே கூண்டில் இறங்கினவர்கள் நாங்கள். அவன் நெஞ்சில் கல்தூசி உட்கார்ந்துவிட்டது. நாலு வார்த்தைக்கு ஒருமுறை நிறுத்தி மூச்சு வாங்கிவிட்டுத்தான் அடுத்ததைப் பேசுவான். பெண்டாட்டி செத்துப்போய்விட்டாள். ஒரே பையன், பெங்களூரில் நல்ல வேலை. பக்கத்து வீட்டம்மா சாப்பாடு கொண்டுவந்து கொடுப்பாள். பையன் ஒருமுறை வந்தபோது டிவி மேல் ஒரு கேமராவை வைத்தான். "அங்கருந்தே அப்பாவைப் பார்த்துப்பேன், ஒரு வழி திறந்துவிடுங்க அங்கிள்" என்றான். வெளியிலிருந்து நேராக அந்தக் கேமராவுக்கு வருகிற மாதிரி என் வீட்டில் இருக்கும் மெயின் பெட்டியில் திறந்துகொடுத்தேன். பாஸ்வேர்டை மாற்றிவிடு என்று இரண்டு தடவை சொன்னேன். "ஆகட்டும் அங்கிள்" என்றான். மாற்றவில்லை. டப்பாவில் அச்சடித்து வந்ததையே விட்டுவிட்டுப் போய்விட்டான். அது உலகத்துத் திருடனுக்கெல்லாம் தெரிந்த பாஸ்வேர்டு; அதைப் போட்டு எவனோ உள்ளே புகுந்து கேமராவைத் தன் வேலைக்கு ஏவிவிட்டிருக்கிறான்.

நான் உள்ளே போனபோது கூட்டாளி இஸ்திரி போட்ட சட்டையோடு, தலைக்கு எண்ணெய் வைத்து, கேமராவுக்கு நேராக நாற்காலியில் உட்கார்ந்திருந்தான்.

"வாடா. இன்னா, நெட்டு போச்சா?"

"உன் கேமரா தப்பு பண்ணுதுடா."

"கேமரா இன்னா தப்பு பண்ணும்? அது சும்னே பாத்துகினு கீது."

"ஊர் ஊரா போயி எவன் எவன் கதவையோ தட்டுது."

"மூஞ்சப் பாரு. அதுக்குக் கால் எங்க கீது?"

நான் பிளக்கில் கை வைத்தேன். அவன் எழுந்திருக்கப் பார்த்தான், முடியவில்லை. "டேய், புடுங்காத. பையன் பாத்துகினு இருப்பான். திடீர்னு இருட்டா போனா பயந்துடுவான்."

"நான் போன் பண்ணி சொல்லிடறேன்" என்று சொல்லி, பிடுங்கி, கையோடு எடுத்துவந்துவிட்டேன்.

போன் பண்ணவில்லை. ஏன் பண்ணவில்லை என்றால், இருட்டானதைப் பார்த்துப் பையனே பண்ணட்டும் என்றுதான். வீட்டுக்கு வந்து என் பெட்டியைத் திறந்து, அந்த வழியில் யார் யார் வந்து போனார்கள் என்று பார்த்தேன். பையன் வருவதற்கு வேறு வழி கிடையாது, நான் திறந்த அந்த ஒன்றுதான். பெட்டிக்கு எவ்வளவு தூரம் ஞாபகம் இருந்ததோ அவ்வளவு தூரம் பின்னால் போனேன். நம்பர் நம்பராக இருந்தது. எல்லாம் வெளிநாடு. இந்த தேசத்து முகவரி அதில் ஒன்றுகூட இல்லை.

மறுநாள் கூட்டாளி கேட்டான்: "பையன் போன் பண்ணானா?"

"பண்ணான்" என்றேன். வாயில் வந்துவிட்டது. "பதறிட்டான். ரிப்பேர்னு சொன்னேன்."

அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! சோறு கொண்டுவந்த அம்மாவிடம் திரும்பி, "பாத்தியாம்மா, ஒரு நாள் இருட்டானதுக்கே பையன் பதறிட்டான்" என்றான். அதைச் சொல்லி முடிக்க இரண்டு தடவை மூச்சு வாங்கினான்.

நான் பட்டியல்காரர்களுக்கு எழுதினேன். கெட்டுப்போன மெஷினைக் கண்டுபிடித்து எடுத்துவிட்டோம், எங்கள் லைன்களில் வேலைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள், தடையை நீக்குங்கள் என்று. நான் எத்தனையோ பேருக்கு எழுதிப் பதில் வராமல் கிடந்தேனே, அவர்களில் ஒருவனாவது இப்படி ஒரு கடிதம் எழுதியிருப்பானா? ஒருவழியாக முகவரி சுத்தமானது. பக்கத்து லைன் பெண்ணுக்கு ஆபீஸ் சைட் திறந்துகொண்டது. அவள் சொன்னது இது: "முதல்லயே பண்ணியிருக்கலாம்ல, அங்கிள்." நன்றி என்று எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான். வாசலில் வந்து சிரித்தவன் எவனும் திரும்ப வரவில்லை.

அதற்குள் கூட்டாளியே மகனுக்குப் போன் போட்டிருக்கிறான். பையன் பயந்துகொண்டிருப்பானே, தைரியம் சொல்லலாம் என்று. அதை என்னிடம் அவனே சொன்னான், கேமரா இருந்த வெறும் இடத்தைப் பார்த்துக்கொண்டே.

"பயப்படாதடா, கேமரா ரிப்பேர்ல கீதுன்னேன். எந்த கேமராப்பான்னு கேட்டான்."

நான் திருப்பிக் கொடுக்கக் கொண்டுபோயிருந்த கேமராவின் ஒயரைச் சுற்றினேன்.

"நீ எதுக்குடா பொய் சொன்ன?"

எனக்கும் ரோஷம் வந்துவிட்டது. ஊருக்கெல்லாம் செய்துவிட்டு ஊரெல்லாம் திட்டு வாங்கியவன் நான். "வேற இன்னா சொல்லச் சொல்ற? உன் பையன் அந்தப் பக்கமே வரல. வந்தவனெல்லாம் வெளிநாட்டுத் திருடன். நான் பாத்துட்டேன். எனக்குத் தெரியாம அந்தக் கம்பியில எதுவும் போவாது."

அவன் ரொம்ப நேரம் மூச்சு வாங்கினான்.

"மாட்டிக் குடு" என்றான்.

"மாட்டறேன். அதுக்குள்ள பூந்தத எல்லாத்தையும் அழிச்சிட்டேன், புது பாஸ்வேர்டும் போட்டுட்டேன். அந்த வழிய மட்டும் மூடிட்டேன்."

"வழிய மூடினா அவன் எப்படிடா வருவான்?"

இதற்கு என்னிடம் பதில் இருந்ததா என்றால், இருந்தது. அவன் வர மாட்டான் என்பதுதான் பதில். அதைச் சொன்னேன். இத்தனை வீட்டுப் பிழைப்பு அந்த ஒரு முகவரியில் இருக்கிறது, வராதவனுக்காக நான் திறக்க முடியாது என்று சொன்னேன். நான் சொன்னதில் தப்பு இருந்தால் யாராவது வந்து சொல்லட்டும். அவன் கையை மட்டும் நீட்டினான். கேமராவை அவன் மடியில் வைத்துவிட்டு வந்தேன்.

அடுத்த வாரமே பெரிய கம்பெனி ஆள் ஏணியோடு வந்துவிட்டான். பெங்களூரிலிருந்து பையன் போனிலேயே ஆர்டர் போட்டிருக்கிறான். அப்பாவைப் பார்க்க நேரம் இல்லாதவனுக்கு இதற்கு நேரம் இருந்தது. வந்த ஆள் கேமராவின் பின்னால் உள்ள பொத்தானை அழுத்தி, டப்பாவிலிருந்து எடுத்தபோது இருந்த மாதிரி ஆக்கி, பழைய பாஸ்வேர்டோடு டிவி மேல் வைத்துவிட்டான். நான் தெருவில் நின்றே அந்த ஆளிடம் சொன்னேன், பாஸ்வேர்டை மாற்றிவிட்டுப் போப்பா, இது கெட்டுப்போய் ஊரைத் தட்டும் என்று.

"அது எங்க வேலை இல்ல சார். நாங்க கனெக்‌ஷன் மட்டும்தான்."

உள்ளேயிருந்து கூட்டாளி குரல் கொடுத்தான்: "யாருகிட்டப்பா பேசற? நீ வேலையப் பாரு."

இனிமேல் அது தட்டினால் என் முகவரி கெடாது. அந்தக் கம்பெனியின் முகவரிதான் கெடும். நான் கடிதம் எழுதினால் மெஷின் பதில் போடும். சுவரில் தொங்கிக்கொண்டிருந்த என் கேபிளைக் கம்பம் வரைக்கும் சுருட்டிக்கொண்டு வந்தேன். ஜன்னல் வழியாகத் தெரிந்தது. அவன் நாற்காலியை டிவிக்கு நேராக இழுத்துப் போட்டுக்கொண்டு, நின்று மூச்சு வாங்கிவிட்டு, சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தான்.